குளத்தில் கிடந்த காலணிகள்

எங்கள் பள்ளியைப் பெருக்கித் துடைப்பவர் குவாபரா அக்கா. வகுப்புக்குள் போடும் என் வெள்ளைக் காலணிகளை என் வகுப்பு ரிகாவின் கூட்டம் அடிக்கடி பள்ளிக் குளத்தில் வீசும். அக்கா அவற்றை எடுத்துக் காயவைத்து, மணியடிக்குமுன் என் அலமாரியில் வைத்துவிடுவார். ஆசிரியர்களுக்கு எதுவுமே தெரியாது.

ஒரு மழைநாளில் அவை காயவில்லை. பள்ளிக்கு வரும் விருந்தினருக்கான செருப்பை மாட்டிக்கொண்டு வகுப்புக்குள் போனேன்.

“வாங்க விருந்தாளி, டீ குடிக்கிறீங்களா?” என்றாள் ரிகா. எல்லோரும் சிரித்தார்கள்.

அக்காவிடம் ஓடினேன். “இனிமே ஸ்கூலுக்கே வரமாட்டேன்க்கா.”

“தப்பு என்னுதுதான் சயோ. காயவெச்சுக் காயவெச்சு அவங்க செய்யறதை நானே மறைச்சுட்டேன்,” என்றார் அக்கா. என்னையும் அழைத்துப்போய், சொட்டும் காலணிகளைத் தலைமையாசிரியரின் மேஜைமேல் வைத்தார்.

“ஐயோ, ஃபைல் நனையுதும்மா!”

“நனையட்டும் சார். இது ஏழாவது தடவை.”

தலைமையாசிரியர் ஃபைலை விட்டுவிட்டு எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். “உட்காரும்மா. முதல்லேருந்து சொல்லு.”