சுவரில் நின்ற தடி எழுத்து

ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் கடைத்தெருவில் அண்ணாந்து பாருங்கள். பாதிப் பலகை என் கை எழுதியது. மூன்றாம் வகுப்பைத் தாண்டாத கை. யாரிடமும் போய் நின்று நான் தொழில் கற்கவில்லை. என் முதல் எழுத்தைப் பார்த்தே ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்யக் கிளம்பியது என்றால் நம்புவீர்களா? அது எங்கள் குடும்பம்தான்.

வெள்ளைக்காரன் சண்டை நடந்த காலம். ஆவடிப் பக்கம் பட்டாளத்துக்காக நிலம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எடுக்கப்போகும் இடத்தில் முதலில் ஒரு வெள்ளைப் பலகை முளைக்கும். அதில் கறுப்பாய், கொழுத்து, ஒன்றையொன்று நெருக்கியடித்துக்கொண்டு, பனைமரம் கணக்காய் நெட்டையாய் நிற்கும் இங்கிலீஷ் எழுத்து. சுழி கிடையாது, வால் கிடையாது. எங்கள் ஊரில் அதைப் படிக்க ஆளில்லை. ஆனால் எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தாலும் எல்லோருக்கும் அடையாளம் தெரியும். பலகை வந்தால் பின்னாலேயே லாரி வரும். தொலைவில் ஏரிக்கரையில் அப்படி ஒன்று ஏற்கெனவே நின்றது.

எனக்கோ அந்த எழுத்தின்மேல் பைத்தியம். கண்ணை மூடினாலும் எதிரே நிற்கும். கை சும்மா இருக்காது. ஒருநாள் எல்லோரும் கழனிக்குப் போன பிறகு கரியைக் குழைத்து, பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவரில், என் உயரத்துக்கு, கோடு பிசகாமல் இழுத்துவிட்டேன். கை கழுவக் குளத்துக்குப் போனவன் நீச்சலில் நேரத்தை மறந்தேன்.

திரும்பி வந்தால் வீடே அல்லோலகல்லோலம். நைனா கூரைமேல் ஏறி மூங்கிலை உருவிக்கொண்டிருந்தார். சித்தப்பா வண்டியில் மாட்டைப் பூட்டினார். அம்மா அழுதபடியே நெல்லை மூட்டை கட்டினாள்.

"நாம கழனியில கீற நேரமாப் பாத்து, ஊட்டு செவுத்துலியே எழுதிட்டுப் பூட்டானுங்கோ!" என்றார் நைனா.

"நான்தான் நைனா எழுதினேன்."

யாரும் திரும்பவில்லை. அம்மாவிடம் ஓடிச் சொன்னேன். சித்தப்பாவிடம் ஓடினேன். அவர் மட்டும் சிரித்தார்.

"மூக்கத் தொடைக்கத் தெர்ல, நீ தொரை எழுத்து எழுதுனியா? போடா அந்தாண்ட!"

வைததுகூடப் பெரிதில்லை. என் எழுத்தைத் துரைக்குத் தூக்கிக் கொடுத்தாரே, அதுதான் பொறுக்கவில்லை. மிச்சக் கரியை எடுத்து, அவர்கள் கண்ணெதிரே பக்கத்துச் சுவரில் முதல் எழுத்தை இழுத்தேன். அச்சு அசல் அதே எழுத்து.

நைனா இறங்கி வந்தார். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் சுவரைத் தடவி, விரலில் ஒட்டிய கரியை அம்மாவிடம் காட்டினார். அம்மா அழுகையோடு சிரித்தாள். சித்தப்பா மாட்டை அவிழ்த்தார்.

"ஏண்டா, ஏரிக்கரைப் பலகையப் பாத்தா எழுதுனே? அம்மாந்தூரம் தனியாவா போனே?" என்று நைனா என் தலையைப் பிடித்து ஆட்டினார்.

"அங்க நான் ஏன் போறேன்? நீங்க கழனிக்குப் போனப்புறம் நம்ம பனந்தோப்பாண்ட புச்சா ஒண்ணு நட்டானுங்களே, அத்தப் பாத்துதான்."

நைனாவின் கை என் தலையிலிருந்து இறங்கியது. மறுபடி கூரைமேல் ஏறினார். சித்தப்பா மாட்டைப் பூட்டினார்.

இன்னும் இவர்கள் என்னை நம்பவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, ஆத்திரத்தோடு இரண்டாவது எழுத்தை இழுக்க ஆரம்பித்தேன்.