குப்புற வைத்த தந்தி

எங்கள் உப தபாற்கந்தோரில் ஒரு வழக்கம் இருந்தது. நல்ல சேதித் தந்தி என்றால் போஸ்ட்மாஸ்டர் முகவரி மேலே தெரியக் கையில் தருவார். மௌத்துத் தந்தி, அதாவது சாவுச் சேதி என்றால் மேசையில் குப்புற வைப்பார். முத்திரை வாங்க நிற்கும் சனத்துக்கு முன்னால் இன்னார் மௌத்து என்று வாயால் சொல்லக்கூடாது, அதற்காக. உறை குப்புறக் கிடந்தால் நான் சைக்கிள் மணி அடிக்கமாட்டேன். வீட்டு ஆம்பிளையின் கையில் மட்டும் கொடுப்பேன்.

எனக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது. மூன்றாம் வகுப்போடு நின்றவன். எந்த வீடு என்று கந்தோரில் சொல்லுவார்கள், போவேன். காக்கிச் சட்டை போட்ட தந்திப் பியூனுக்கு வாசிக்கத் தெரியும் என்று ஊர் நினைத்தது. நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் போஸ்ட்மாஸ்டர் லீவு. பதிலுக்கு வந்த கிளாக்கர் வெளியூர். அவர் ஒரு உறையை மேசையில் குப்புறப் போட்டார். "ஆதம்பாவா வீடு" என்றார். அவ்வளவுதான். அண்ணனையும் மூத்த ஆம்பிளைகளையும் நாங்கள் காக்கா என்போம். ஆதம்பாவாக் காக்காவின் மகன் சவூதியில் வேலை. அந்த மாதம் அங்கிருந்து வந்த ஒரு மௌத்துத் தந்தியை நான் வேறு வீட்டுக்குக் கொண்டு போயிருந்தேன். கிளாக்கரிடம் என்ன தந்தி என்று கேட்டிருக்கலாம். கேட்டால் வாசிக்கத் தெரியாதது வெளிப்பட்டுவிடும். கேட்கவில்லை.

படலையில் நின்று கூப்பிட்டேன். கதவுக்குப் பின்னால் அவருடைய மனைவியின் குரல் கேட்டது.

"அவர் இல்ல மனே. மாவடிப்பள்ளி வயல்ல நெல்லுச் சூடடிப்பு. என்ன?"

"தந்தி."

மகள் பரீதா முன்னால் வந்தாள். பதினேழு வயது இருக்கும். நிலைக்குக் குனிந்து வரும் உயரம்.

"தாங்க காக்கா. அது எனக்குத்தான். வெளிநாட்டில பெரிய கூடைப்பந்துப் போட்டி நடக்கப் போகுது, பல நாட்டுப் பொம்புளப் புள்ளைகள் வாற. டீமுக்கு எடுத்தாத் தந்தி வருமெண்டு டீச்சர் சொன்ன."

"கந்தோரில வாப்பாட பேரத்தான் சொன்ன."

"போமில வாப்பாட பேரத்தான் குடுத்த."

பாவம், தெரியாமல் பந்தைப் பற்றிக் கதைக்கிறாள் என்று நினைத்தேன்.

"வாப்பாட கையிலதான் தருவன்."

"ஏன் மனே தரமாட்டாய்?" என்றா உம்மா. "சவூதியில என்ட புள்ளைக்கு என்னவும்..."

நான் சைக்கிளைத் திருப்பினேன். அதுவே அவவுக்குப் போதுமாக இருந்தது. அழுகை தெரு முனை வரைக்கும் கேட்டது.

மாவடிப்பள்ளி வயல் வாடியில் ஆதம்பாவாக் காக்கா இல்லை. சூடடிக்க மெசின் தேடிச் சம்மாந்துறைக்குப் போய்விட்டார், அடுத்தநாள் காலையில்தான் வருவார் என்றார்கள். மறுநாள் திரும்பவும் போனேன். வரம்பில் வைத்துக் கொடுத்தேன். உறையை இரண்டு பக்கமும் பார்த்தார். அவருக்கும் இங்கிலீசு தெரியாது.

"நீ பார்த்திருப்பாய். சொல்லு மனே, நான் தாங்குவன்."

"எனக்குத் தெரியாது காக்கா."

அவர் மனம் நோகக்கூடாது என்று மறைக்கிறேன் என நினைத்தார். கொஞ்ச நேரம் வரம்பில் குந்தியிருந்தார். பிறகு என் சைக்கிள் கரியரில் ஏறினார். நேரே வீட்டுக்கு மிதித்தேன்.

வீடு நிறையச் சனம். பெண்கள் மௌத்து வீட்டில் ஓதும் யாசீனை ஓதிக்கொண்டிருந்தார்கள். பரீதா உறையை வாங்கிப் பிரித்தாள்.

"சவூதிக் காக்காக்கு ஒண்டுமில்ல" என்றாள். "என்னை டீமில எடுத்திரிக்காங்க. இண்டைக்கு எட்டு மணிக்குக் கொழும்பில நிக்கோணும்."

சுவர் மணிக்கூட்டில் ஒன்பதரை.

எல்லோரும் அல்ஹம்துலில்லாஹ் என்றார்கள். ஆதம்பாவாக் காக்கா என்னைக் கட்டிப் பிடித்து அழுதார். யாரோ சீனித் தண்ணி தந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர், "பந்தடிக்கிற தந்திக்காடா எங்கள ஓத வெச்ச நீ?" என்றார். சனம் சிரித்தது. மகன் உயிரோடு இருக்கிற வீட்டில் மகளுடைய தந்தி பெரிதாகப் படவில்லை. அவள் மட்டும் தாளைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டு நின்றாள்.

அன்று பகல் டீச்சரோடு கந்தோருக்கு வந்தாள். கொழும்புக்கு ட்ரங்க் கோல் போட்டார்கள். லைன் கிடைக்க இரண்டு மணித்தியாலம் பிடித்தது. காலையில் ஆள் வராததால் வேறு பிள்ளையின் பெயரைக் கொடுத்துவிட்டார்களாம், பாஸ்போட்டுக்கும் அனுப்பியாயிற்றாம். அது வயதுக் கட்டுப்பாடு உள்ள போட்டி. அடுத்த தடவைக்கு இவளுக்கு வயது கூடிவிடும் என்று டீச்சர் சொன்னா.

நான் பரீதாவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். எங்கள் வழக்கம் தெரியாத கிளாக்கர் போட்டபடி உறை குப்புறக் கிடந்ததையும் சொன்னேன், வாசிக்கத் தெரியாததையும் சொன்னேன். அதை முதலாவதாகச் சொன்னது அவளிடம்தான்.

அவள் கோபிக்கவில்லை.

"முந்தநாளே அதைச் சொல்லியிருந்தா, நான் வாசிச்சுக் காட்டியிருப்பன் காக்கா" என்றாள்.

முந்தநாள் இல்லை, நேற்றுத்தான். நான் திருத்தவில்லை. அவளுக்கு அது அவ்வளவு நீளமாக இருந்திருக்கிறது.

மேலிடம் என்னை ஒன்றும் கேட்கவில்லை. பெயர் போட்ட ஆளின் கையில் கொடுத்திருக்கிறேன், சட்டப்படி பிழை இல்லை. அதன் பிறகு பென்சன் எடுக்கும் வரைக்கும் ஒவ்வொரு தந்தியையும் கந்தோரில் கேட்டுவிட்டுத்தான் சைக்கிளில் ஏறினேன். புதிதாக வந்த பியூன்மாருக்கும் இதைத்தான் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வெட்கப்படாதீர்கள். அந்த வெட்கம் உங்களுடையது, நட்டம் வேறு யாருக்கோ.