அண்ணாச்சியின் வேண்டாம்

பிளாரன்ஸுக்கு அலுத்துவிட்டது. சும்மா அலுப்பில்லை, முழங்காலில் ஆரம்பித்து மனசு வரைக்கும் ஏறிப்போன அலுப்பு. கவனிக்க ஆளில்லாத முதியவர்களுக்கு மதியச் சோறு கொண்டுபோகும் ஒரு தொண்டு நிறுவனத்தில் அவள் சேர்ந்தபோது மகள் ஜெமிமா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். இப்போது அதே ஜெமிமா பெரியதாழையில், மாமியார் வீட்டில், இரண்டாவது பிள்ளைக்கு நிறைமாதம். எப்ப வருவ, எப்ப வருவ என்று ஒரே போன். இங்கே மாப்பிள்ளையூரணியில் சோற்றுத் தூக்குவாளிகளை அவளிடமிருந்து வாங்கிக்கொள்ள ஒருத்தர் கிடைத்தால்தானே இவள் பஸ் ஏற முடியும்?

கிடைத்தவள் மார்த்தா. போலந்தில் தபால் ஆபீஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். காலையில் தமிழ் வகுப்பு, மதியம் தொண்டு என்று வந்து இறங்கியிருந்தாள். அவளுடைய புத்தகத் தமிழைக் கேட்டுத் தெருவே சிரிக்கும். ஆனால் வெயிலுக்கு முகம் சுளிக்காத மனுஷி. பிளாரன்ஸ் அவசர அவசரமாக வீடுகளை மட்டும் காட்டிவிட்டு வாளிகளை ஒப்படைத்தாள்.

இரண்டு நாள் கழித்து, ஊருக்குக் கிளம்புகிற அன்று, பையும் கையுமாக, அவள் சோறு கொடுத்துவந்த காசிலிங்கம் அண்ணாச்சியிடம் சொல்லிக்கொள்ளப் போனாள். பலசரக்குக் கடை வைத்து நாலு பேருக்கு அள்ளிக் கொடுத்த கை அது. சர்க்கரை வியாதி ஒரு காலைக் கொண்டுபோன பிறகு தனி ஆள். கட்டிலில் கண் செருகிக் கிடந்தார். பதறிப்போய்ச் சர்க்கரைத் தண்ணீர் கரைத்துப் புகட்டினாள். கண் திறந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. ரெண்டு நாளாகச் சாப்பாடு இல்லை.

அன்றைய வாளியோடு வந்து நின்ற மார்த்தாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. தினமும் கேட்டாளாம். தினமும் அவர் வேண்டாம் என்றாராம். வேண்டாம் என்பவரை வற்புறுத்துவது மரியாதை இல்லையென்று கும்பிட்டுவிட்டு, சோற்றை அடுத்த வீட்டில் கொடுத்திருக்கிறாள்.

"யக்கா, இங்கன வேண்டாம்னா இன்னொரு வாட்டி கேளுன்னு அர்த்தம்," என்றாள் பிளாரன்ஸ். "கேட்ட உடனே சரின்னுட்டா, சோத்துக்கு அலையுதான்னுல்லா நாலு பேரு நினைப்பாவ."

அப்படியானால் நிஜமான வேண்டாமை எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டாள் மார்த்தா.  பிளாரன்ஸ் வாசலில் நின்றபடியே மூன்று தரம் கேட்பாள். மூன்றாவதற்கு அவர் தலையாட்டுவார். தட்டில் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவாள். அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். இந்த அம்மாவை நம்பி இவரை எப்படி விட்டுப்போவது? பெரியதாழைப் பயணம் போன மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டாள்.

மார்த்தா தரையில் சம்மணம் போடப் பார்த்து, முடியாமல் காலை நீட்டிக்கொண்டாள். இரண்டு தட்டு எடுத்து இரண்டிலும் சோறு வைத்தாள்.

"ஐயா, எனக்கும் பசிக்கிறது. நீங்கள் உண்ணாமல் நான் உண்ண மாட்டேன்."

அண்ணாச்சி மெல்ல எழுந்து உட்கார்ந்தார். "ஏளா பிளாரன்ஸு, அந்தம்மாவுக்கு மீன் குழம்பு நல்லா ஊத்து. முள்ளு பாத்துத் திங்கச் சொல்லு." கடையில் உட்கார்ந்து ஆளை ஏவிய பழைய குரல். பேசிக்கொண்டே தட்டைக் காலி பண்ணினார். அவர் இவ்வளவு பேசுவார் என்பதே பிளாரன்ஸுக்குத் தெரியாது.

"நீ பஸ்ஸப் பிடி. அதான் இவிய இருக்காவல்லா," என்றார்.

பஸ்ஸில் ஜன்னலோர சீட்டே கிடைத்தது. அப்பாடா என்று சாய வேண்டியவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் அந்த வீட்டுக்குச் சோறு சுமந்திருக்கிறாள், ஒரு நாள்கூட அவரோடு உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டதில்லை.