பௌர்ணமிக் கடைக்குக் கிடைத்த கடன்

அடியார்களே, கட்டின வேட்டியோட கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்கு வந்தவன் நான். அஞ்சாவது வரைக்கும்தான் படிப்பு. கிரிவலப் பாதையில் சுக்கு காபி வித்தே அடி அண்ணாமலையில் தளம் போட்ட வீடு கட்டினேன். மூணு பொண்ணுங்களைக் கட்டிக் கொடுத்தேன். பித்தளை பாய்லர் வெச்ச தள்ளுவண்டி வாங்கினேன். மனுஷங்க யாரும் கை கொடுக்கலை. அண்ணாமலையார் மட்டும் மாசா மாசம் ஒரு பௌர்ணமியைக் கொடுத்தார். அந்த ஒரு ராத்திரி வியாபாரத்துலதான் மாசம் பூரா சாப்பிட்டோம்.

கொரோனா அதையும் நிறுத்திச்சு. பங்குனியில் கிரிவலத்துக்குத் தடை. சித்திரை போச்சு, வைகாசி போச்சு. நிலா மட்டும் ஒழுங்கா வந்துச்சு, பாதையில் ஆள் இல்லை. ஆவணியில் பழைய பாத்திர வியாபாரி ஒருத்தன் பாய்லருக்கு விலை பேசிட்டு, அடுத்த வாரம் வேனோட வரேன்னு போனான். பாய்லர் போயிட்டா நான் யாரு? அன்னைக்கு அழுதுட்டேன்.

அப்பத்தான் தெருவோர வியாபாரிகளுக்கு அரசாங்கம் பத்தாயிரம் கடன் தருதுன்னு கேள்விப்பட்டேன். வியாபாரின்னு ஒரு சான்று வேணுமாம். அதைக் கேட்டுப் போனப்ப நகராட்சி ஆபீஸ்ல இருந்த அம்மா கேட்டாங்க: "பெரியவரே, மாசத்துல எத்தனை நாள் கடை போடுவீங்க?"

"ஒரே நாள்மா. மத்தவன் மாசம் பூரா சம்பாதிக்கிறதை நான் ஒரே ராத்திரியில எடுத்துடுவேன்."

சிரிச்சாங்க. "அப்ப உங்களுக்கு இது கிடையாதுங்க. தினமும் கடை போடுறவங்களுக்குத்தான்."

வீட்டுல என் சம்சாரம் ராணி பிடிச்சுக்கிட்டா. "அங்க போயும் பெருமைதானா? பாய்லரை அனுப்பிட்டு இனிமே பெருமையைக் காய்ச்சி ஊத்துங்க!"

வாசல்ல நின்னா மலை தெரியும். "ஆளை நிறுத்தினது நீ. வழியையும் நீயே சொல்லு"ன்னு கேட்டேன். கேட்கும்போதே ஒண்ணு உறைச்சுது. இத்தனை வருஷத்துல நான் ஒரு தடவைகூட கிரிவலம் போனதில்லை! பௌர்ணமின்னா கடை. மத்த நாள்ல அந்தப் பாதையை முழுசா சுத்தினா எப்படித்தான் இருக்கும்னு பார்க்க ஆசை வந்துச்சு.

மறுநாள் விடியக்காலம் கிளம்பினேன். பார்த்தா, ஆளுங்க நடக்கறாங்க! பௌர்ணமிக்குத்தான் தடை. முகக்கவசம் கட்டிக்கிட்டு, தள்ளித் தள்ளி, வாய்க்குள்ளயே நாமம் சொல்லிக்கிட்டுப் போறாங்க. பாதையில வாயு லிங்கம் கோயில்கிட்ட ஒரு பொண்ணு மூச்சு வாங்க உக்காந்திருந்துச்சு. "தாத்தா, இங்க சூடா குடிக்க எதுவும் கிடைக்காதா?"ன்னு கேட்டுச்சு. எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு.

அடுத்த நாளே வண்டியை அங்க தள்ளிட்டுப் போனேன். தினமும் போட்டேன். பாத்திர வியாபாரி வேனோட அங்கேயே வந்துட்டான். "இன்னா பெரியவரே, சரக்கு கொதிக்குது?"

"கை வெச்சுத் தூக்கிப் பாரேன்"னேன். ஒரு காபி குடிச்சிட்டுப் போயிட்டான்.

கொஞ்ச நாள்ல அந்த ஆபீஸ் அம்மா தெருக்கடைகளைக் கணக்கெடுக்க வந்தாங்க. "பௌர்ணமி தாத்தாதானே நீங்க? இன்னைக்கு அமாவாசையாச்சே!"

"தினமும் போடுறேம்மா."

சான்று கிடைச்சுது, கடனும் வந்துச்சு. சுக்கு, வெல்லம், சிலிண்டர் வாங்கினேன். கடனை அடைச்சுட்டேன். பாய்லர் இன்னும் என்கிட்டதான் கொதிக்குது. தடை நீங்கின பிறகும் தினக்கடைதான். திங்கக்கிழமை மட்டும் ராணியைக் கடையில உக்கார வெச்சுட்டு ஒரு சுத்து நடக்கறேன்.

ஒரே ஒரு யோசனை இன்னும் தீரலை. அன்னைக்குச் சூடா குடிக்கக் கேட்டது அந்தப் பொண்ணா, அண்ணாமலையாரா? அந்த முகத்தை மறுபடி நான் பார்க்கவேயில்லை. எங்கேயோ டெல்லியில திட்டம் போட்டவங்க நெஞ்சுல என் வண்டியை யார் தள்ளிவிட்டது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கஷ்டத்துல இருக்கறவங்க அவர்கிட்ட தைரியமா கேளுங்க. கேட்டுட்டு உக்காராதீங்க, ஒரு சுத்து நடந்து பாருங்க. பத்திரிகைக்காரங்களே, இதை அச்சுல போடும்போது அண்ணாமலையார் அருளைப் பெருசா போடுங்க, அரசாங்கத்துக்கும் ஒரு வரி கொடுங்க. ஆனா நடந்த கால் என்னுது, வண்டி தள்ளின கை என்னுது. அதனால கோவிந்தசாமிங்கற பேரும் அதுல வந்தாகணும். சின்ன எழுத்துல போட்டா ஒத்துக்க மாட்டேன்.