மகனுக்குத் தேர்வு, எனக்குப் படிக்கட்டு

இது நடந்து இரண்டு வருஷம் இருக்கும். மாநகரின் ஓரத்தில், அண்ணனூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நானும் ஆறாம் வகுப்புப் படித்த என் மகனும் இருந்தோம். கணவருக்கு ஆப்பிரிக்காவில் எண்ணெய்க் கம்பெனி வேலை. பிள்ளையை இங்கிலாந்தில் தங்கிப் படிக்கிற பள்ளியில் சேர்த்தால் செலவைக் கம்பெனியே ஏற்றுக்கொள்ளும் என்று தெரிந்ததிலிருந்து அவருக்கு அதே நினைப்பு. போன் செய்தால், "இன்னிக்குக் கணக்கு போட்டானா?" என்றுதான் ஆரம்பிப்பார்.

நுழைவுத் தேர்வுக்கான திட்டமெல்லாம் என் பொறுப்பு. ஆங்கிலக் கட்டுரை, கணக்கு, வரிசையாக இருக்கும் படங்களில் அடுத்தது எது என்று கண்டுபிடிக்கிற கேள்விகள், அப்புறம் வீடியோவில் நேர்காணல். எனக்கு வீட்டிலிருந்தே ஐ.டி. வேலை. மீட்டிங் முடிந்து அவனை உட்கார வைத்தால் சாப்பாட்டு நேரம் வரை பயிற்சிதான். வேறு பேச்சே கிடையாது. கரூரிலிருந்து வந்து மூன்று வருஷமாகியும் அந்தக் கட்டடத்தில் எனக்கு ஒருவரையும் தெரியாது. லிஃப்டில் பார்த்தால் ஒரு சிரிப்பு, அதோடு சரி.

தேர்வு நெருங்கியபோது பள்ளியிலிருந்து ஒரு மெயில் வந்தது. வீட்டிலேயே கம்ப்யூட்டரில் எழுதலாம். ஆனால் பிள்ளையை நன்றாகத் தெரிந்த, சொந்தக்காரர் அல்லாத ஒருவர் கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும். பெற்றோர் வீட்டுக்குள் இருக்கக் கூடாது.

அவனுடைய வகுப்பு ஆசிரியையைக் கேட்டேன். அந்தச் சனிக்கிழமை அவருக்கு ஊரில் கல்யாணம். எதிர் வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்தம்மா என்னை ஆச்சரியமாகப் பார்த்து, "உங்களுக்குப் பையன் இருக்கானா? நீங்க மட்டும் தனியா இருக்கீங்கன்னுல்ல நெனச்சேன்" என்றார். வந்த விஷயத்தைச் சொல்லாமலே திரும்பி வந்தேன்.

கடைசியாக மேல்மாடிக்குப் போனேன். அங்கிருந்த பெண்மணி மின்சார ரயில்களைப் பழுது பார்க்கிற ரயில்வே கார் ஷெட்டில் வேலை பார்ப்பவர். நான் சொல்லி முடிப்பதற்குள், "உங்க பையன்தானே, நல்லாத் தெரியுமே. சனிக்கிழமை எனக்கு ஆஃப்தான், வந்து உக்கார்றேன்" என்றார். எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மனசு மாறிவிடுவாரோ என்ற பயம்.

சனிக்கிழமை அவர் வந்ததும் மகனின் தலையைத் தடவிவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன். எங்கே போவது என்ற யோசனையே அப்போதுதான் வந்தது. இத்தனை பெரிய ஊரில், போய்க் கொஞ்ச நேரம் உட்கார எனக்கு ஒரு வீடு இல்லை. படிக்கட்டு திரும்புகிற இடத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

காய்கறிப் பையோடு மேலே ஏறி வந்தார் அந்தப் பெண்மணியின் கணவர். பரம்பரையாக அந்தப் பக்கத்து மனிதர்.

"இன்னா தங்கச்சி, இங்க குந்திகினு கீற?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார். "அட, இது உம் புள்ள குந்துற எடமாச்சே!"

எனக்குப் புரியவில்லை. பையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்: "ஸ்கூல் வுட்டு வந்தா இங்கதான் குந்திகினு இருப்பான். இன்னாடா, ஊட்டுக்குப் போலயான்னு கேட்டா, 'உள்ள அம்மா ஆபீஸ் போன்ல கீறாங்க, பெல் அடிச்சா அவுங்க மேனேஜர் திட்டுவாரு'ம்பான். உள்ள பேச்சு சத்தம் நின்னப்பறம்தான் எய்ந்து போவான். ரெண்டு வர்சமா பாக்குறேன். எங்க ஊட்டுக்குக் கூப்ட்டா வர மாட்டான். என் சம்சாரம் பிஸ்கட் குட்த்தா வாங்கிக்குவான். அப்டியே ரெண்டு பேரும் இங்கயே குந்திப் பேசுவாங்க."

ஸ்கூல் வேன்தான் தினமும் தாமதம் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். டிரைவரைப் போனில் சத்தம்கூடப் போட்டிருக்கிறேன். எப்போதோ ஒரு மீட்டிங்கின் நடுவில் பெல் அடித்து, மேனேஜர் முகம் சுளித்து, அதை நான் இவனிடம் புலம்பியது ஞாபகம் வந்தது. ஒரே ஒரு தடவை சொன்னது. அதற்காக இரண்டு வருஷம், ஷூவைக்கூடக் கழற்றாமல் இந்தச் சிமெண்டுப் படியில் உட்கார்ந்திருக்கிறான்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டதை அவர் பார்க்காதது போல, "எய்ந்து வா, டீ போட்றேன்" என்றார். அவர் வீட்டுச் சமையலறை வாசலில் உட்கார்ந்து அந்த டீயைக் குடித்தேன். தேர்வு முடியும் வரை அவர் காய் நறுக்கியபடி எதையெதையோ பேசினார்.

மகனுக்கு இடம் கிடைத்தது. கணவர் போனில் துள்ளிக் குதித்தார். அன்று சாயந்திரம்தான் முதல்முறையாக அவனிடம் கேட்டேன்: "உனக்கு அங்க போகணும்னு இருக்காடா?"

அவன் உடனே தலையாட்டினான். "ஒரே ரூம்ல ஆறு பேர் இருப்போமாம்மா. இன்டர்வியூல மிஸ் சொன்னாங்க. கிளாஸ் முடிஞ்சதும் நேரா உள்ள போயிடலாமாம்."

அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் எழவில்லை. அனுப்பி வைத்தேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுகிறான். பின்னால் பையன்கள் கத்துவது கேட்கும். யாரோ கூப்பிடுவார்கள், பாதியில் ஓடிவிடுவான். சில சாயந்திரங்களில் நான் மேல்மாடிக்குப் போய்ப் பேசிக்கொண்டிருந்துவிட்டு வருகிறேன். அவன் நன்றாக இருக்கிறான், எனக்கு அது தெரியும். ஆனால் அத்தனை கேள்விகளுக்கும் அவனைத் தயார் செய்த நான், "இவ்வளவு நேரம் எங்கடா இருந்தே?" என்று ஒரு நாள் கேட்டிருக்கலாமே என்பது மட்டும் மனசை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.