இடைக்காலப் பிரதமரோடு பேர்ணில் ஒரு பகல்

இந்த ஆடி மாதம் நான் சுவிஸ் தலைநகர் பேர்ண் போனது ஊர் பார்க்கும் ஆசையில் இல்லை. கௌரி மச்சாள் என்னைப் பார்க்க வந்திருந்தாள். என் மாமாவின் மகள், என் வயதுதான். நான் கலியாணம் முடித்து சுவிஸில் நொஷாட்டல் ஊருக்கு வந்தேன். அவள் சட்டம் படித்து, பசிபிக்கில் ஒரு சின்னத் தீவு நாட்டுக்கு நீதிபதியாகப் போனாள். அங்கே இரண்டு கட்சிகளும் தமக்குள் அடிபட்டு அரசாங்கம் கவிழ்ந்தது. தேர்தல் முடியும்வரை பக்கம் சாராத ஒருவர் வேண்டும் என்று, மூத்த நீதிபதியான இவளைப் பிரதமர் ஆக்கிவிட்டார்கள். ஜெனீவாவில் கூட்டமாம், ஒரு நாள் ஓய்வாம். எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன்?

நானும் சும்மா ஆள் இல்லை. எங்கள் மாதர் சங்கம் இரண்டுபட்டபோது, தெரிவு நடக்கும்வரை என்று என்னைத்தான் இடைக்காலத் தலைவி ஆக்கினார்கள். அது நாலு வருடத்துக்கு முன். தெரிவு வைக்க இன்னும் வசதிப்படவில்லை.

நொஷாட்டலில் இருந்து நேரடி ரயில், நாற்பது நிமிடத்துக்குள். அரைக்கட்டண அட்டை இருந்தால் பத்துப் பிராங் அளவில் முடியும். ஏரி பார்க்க வலப்பக்க யன்னல் நல்லது. அதை நானே மச்சாளுக்குக் கொடுத்துவிட்டு, பிறகு அதற்கும் எரிந்தேன்.

"மத்தியானம் ரெண்டு கட்சித் தலைவர்மாரும் போனிலை கோல் எடுப்பினம்," என்றாள். "தேர்தலைத் தள்ளிப்போட்டு என்னை இன்னும் ஒரு வருசம் இருக்கட்டாம்."

"இரன். என்ன குறை?" என்றேன். கதிரை கண்டவள் எழும்பமாட்டாள் என்று நொஷாட்டல் முழுக்க ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தேன். அவள் 'ஓம், இருக்கிறன்' என்று சொன்னால் என் மனம் ஆறும்.

நிலையத்தில் இருந்து பாராளுமன்றச் சதுக்கம் நடைதூரம். உள்ளே சுற்றிப் பார்ப்பது இலவசம். முன்கூட்டியே பதிந்து, அடையாள அட்டையும் கொண்டுபோங்கள். நாங்கள் பதியவில்லை. தரையில் இருந்து பீறிடும் தண்ணீரில் பிள்ளைகள் குதிப்பதைப் பார்த்தோம்.

"இஞ்ச மந்திரிமாரும் ட்ராமிலைதான் போவினம்," என்று பெருமை அடித்தேன்.

"குடுத்து வைச்சவை. நான் பாண் வாங்கிறதெண்டாலும் எந்தக் கட்சிக்காரன்ரை கடையெண்டு பாக்கவேணும்."

ட்ராமில் கோயிலுக்குப் போனோம். பல சமயத்தவரும் ஒரே கூரையின் கீழ் வழிபடும் இடம், அவசியம் பாருங்கள். நான் என் வீட்டார் எல்லோர் பெயருக்கும் அர்ச்சனை செய்வித்தேன்.

"உங்கடை பேர், நட்சத்திரம்?" என்று குருக்கள் மச்சாளைக் கேட்டார்.

"சுவாமி பேருக்கே செய்யுங்கோ, ஐயா."

அங்கேயும் பக்கம் சாராமல் நின்றாள். நானோ அவள் கட்சித் தலைவர்மாருக்கு 'ஓம்' சொல்லவேண்டும் என்று கண்ணை மூடிக் கும்பிட்டேன்.

வாசலுக்கு வந்ததும் கோல் வந்தது. ஆங்கிலத்தில் கதைத்தாள். அந்தப் பக்கத்தில் ஒருவர் மாறி ஒருவர் கெஞ்சுவது எனக்கே கேட்டது. இவள் ஒரே பதிலை மூன்று தரம் சொல்லிவிட்டு வைத்தாள்.

"ஏலாதெண்டு சொல்லிப்போட்டன். சொன்ன திகதியிலை தேர்தல். நான் திரும்பக் கோட்டுக்கு நீதிபதியாப் போறன்." பிறகு சாதாரணமாகக் கேட்டாள்: "உன்ரை சங்கத்திலை தெரிவு வைச்சாச்சோ?"

பதவி கிடைத்தபோது எரிந்ததைவிட அவள் அதை விட்டபோது எனக்குக் கூடுதலாக எரிந்தது. அவளை ஜெனீவா ரயிலில் ஏற்றிவிட்டு என் ரயிலில் ஏறினேன்.

இந்தப் பயணத்துக்கு ஒரு பகல் தாராளம். வெள்ளைச் சப்பாத்து வேண்டாம், சதுக்கத்தில் நனையும். உங்களைவிட உயர்ந்த சொந்தக்காரரோடு போகவே வேண்டாம்.

வீம்புக்கு, ரயிலில் இருந்தே சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன்: "வாற மாதம் புதுத் தலைவி தெரிவு. நான் விலகிறன்." ஏரி கண்ணில் படுமுன்னே எல்லோரும் பெருவிரல் காட்டி முடித்துவிட்டார்கள். ஒருத்தியாவது "நீங்களே இருங்கோ அக்கா" என்று எழுதுவாள் என்று வீடு சேரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.