பொழியூருக்குப் போன மாடுகள்

சுயம்பு மாட்டுத் தரகர். அமரவிளைக்கும் பாறசாலைக்கும் இடையில் இருபத்திரண்டு வருடமாகப் பால் வற்றிய பசு, சினை நிற்காத கிடாரி, மூன்று மாதக் காளைக்கன்று என்று வீட்டுக்காரர்களுக்கு வேண்டாமல் போன எல்லாவற்றையும் ஓட்டிக்கொண்டு போனவர். அவர் தோள்பையில் எப்போதும் இரண்டு புதுக்கயிறு கிடக்கும். மாட்டை விற்றாலும் அதன் கயிற்றை விற்கக்கூடாது என்பது அந்தப் பக்கத்து வழக்கம். கயிறு போனால் வீட்டின் ஐசுவரியம் கூடவே போய்விடுமாம். மாடு போனால் ஒன்றும் போகாது.

கயிறு மாற்றும்போது எல்லா வீட்டிலும் ஒரே கேள்விதான் வரும்.

"வளக்கதுக்குத்தானே, சுயம்பு?"

"வளக்கதுக்காக்கும்."

இந்தப் பதில் இல்லாமல் எந்த மாடும் தொழுவத்தை விட்டு இறங்கியதில்லை. முதலில் எல்லாம் அதோடு விட்டுவிடுவார்கள். பிறகு எங்கே, யார் வீட்டில் என்று சிலர் துருவ ஆரம்பித்ததும் சுயம்பு பொழியூரில் ஒரு தென்னந்தோப்பை உண்டாக்கினார். அதில் நிக்கோலஸ் என்று ஒரு பழைய மீன்காரரையும் அவர் மனைவி பவுலாவையும் குடிவைத்தார். பிள்ளை இல்லாதவர்கள், மாடு என்றால் உயிரை விடுவார்கள், பவுலா கஞ்சித்தண்ணியில் உப்புப் போட்டுக் கையாலேயே ஊட்டுவாள். நிஜப் பொழியூரின் கரையைக் கடல் வருடாவருடம் அரித்துக்கொண்டிருந்தது. சுயம்புவின் தோப்பு மட்டும் ஓர் அங்குலம் குறையாமல் வாரத்துக்கு இரண்டு மாடு வாங்கிக்கொண்டிருந்தது. கணக்குப் பார்த்தால் அங்கே இரண்டாயிரம் மாடு நிற்க வேண்டும். யாரும் பார்க்கவில்லை. முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற பரமசிவன் சாரும் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்கவும் கொஞ்சம் படிப்பு வேண்டும்தானே.

இத்தனைக்கும் சுயம்பு மாட்டிறைச்சி தொடமாட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் சந்தியில் யோசுவாவின் இறைச்சிக்கடை முன்னால் பாதி ஊர் பையோடு நிற்கும்போது, அவர் எதிர்த்த டீக்கடையில் பருப்புவடையைக் கடித்துக்கொண்டிருப்பார்.

யோசுவா ஒருநாள் கேட்டே விட்டான். "கொண்டு வாறது நீரு. ஒரு துண்டு தின்னா என்ன அண்ணே?"

"பேரு தெரிஞ்சதை எப்பிடிலே தின்ன?" என்றார் சுயம்பு.

பரமசிவன் சாருக்குக் கருணை பிறந்தது 1995இல், ரத்தப் பரிசோதனை முடிவு வந்த அன்று. கொழுப்பு கூடியிருக்கிறது, இறைச்சியை நிறுத்துங்கள் என்று டாக்டர் சொன்னார். சார் நிறுத்தினார். தான் தின்ன முடியாததைப் பிறர் தின்பதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு விலங்குகள்மேல் இரக்கம் பொங்கியது. ஒரு மாதத்தில் ஜீவகாருண்ய சங்கம் உண்டாகிவிட்டது. அவர் தலைவர், ரேஷன்கடைப் பொன்னப்பன் செயலாளர், உறுப்பினர்கள் நாற்பத்திரண்டு பேர். சங்கத்தின் விதிப்படி வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி கிடையாது. மீதி ஆறு நாளைப் பற்றி விதியில் ஒன்றும் சொல்லவில்லை.

மறுவருடம் ஆண்டு விழா. யாருக்காவது பொன்னாடை போர்த்தினால்தானே அது விழா. கிழட்டு மாடுகளுக்கு வீடு தேடிக்கொடுக்கும் புண்ணியவான் நம் ஊரிலேயே இருக்கிறாரே என்று பொன்னப்பன் எடுத்துக்கொடுத்தார். சுயம்பு வேண்டாம் வேண்டாம் என்று கைகூப்பியதை எல்லோரும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பொன்னாடை வாங்கியாயிற்று. ஒன்று சுயம்புவுக்கு. மற்றது சிறப்பு விருந்தினர் பொழியூர் நிக்கோலஸ் அவர்களுக்கு. நோட்டீசும் அடித்துவிட்டார்கள்.

விழாவுக்கு மூன்று நாள் முன்பு, புதன்கிழமை, பரமசிவன் சாரின் மனைவி சரசம்மா சுயம்புவுக்கு ஆள் அனுப்பினாள். மஸ்கட்டிலிருந்து மகன் அஜேஷ் வருகிறான், கார் வாங்கப் போகிறான், கார் நிற்க இடம் வேண்டும், தொழுவத்தை இடிக்க வேண்டும். தொழுவத்தில் அம்மிணி நின்றது. எட்டு ஈற்றில் அந்த வீட்டுக்குப் பால் ஊற்றிய பசு. சரசம்மா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்த அழுகையில் கள்ளம் இல்லை, அதைச் சொல்லியே ஆகவேண்டும்.

"வளக்கதுக்குத்தானே, சுயம்பு?"

"வளக்கதுக்காக்கும், அக்கா."

மற்ற மாடுகளை இழுக்க வேண்டும். அம்மிணி இழுக்காமலே வந்தது. வழியெல்லாம் அவர் தோள்துண்டை நக்கிக்கொண்டே வந்தது. யோசுவாவின் கடைக்குப் பின்னால் தென்னையில் கட்டிவிட்டுத் திரும்பிய சுயம்புவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் இறங்காமல் போனது அதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை மாலை வாசகசாலை நிறைந்திருந்தது. பரமசிவன் சார் மைக்கில் கேட்டார். "சுயம்பு, நிக்கோலஸ் எங்க?"

"நிக்கோலஸ் இல்ல, சாரே."

"உடம்புக்கு சொகமில்லியா?"

"ஆளே இல்ல, சாரே. பவுலாவும் இல்ல. தோப்பும் இல்ல. எல்லா மாடும் யோசுவாக்க கடைக்குத்தான் போச்சு. அங்கேருந்து உங்க வீடுகளுக்கு வந்துது."

சபையில் ஒருவர் இருமினார். சுயம்பு நிறுத்தவில்லை.

"அம்மிணி இப்பவும் உயிரோட உண்டு. நாளைக்கு காலத்த ஆறு மணி வரைக்கும் வெட்டமாட்டேன்னு யோசுவா வாக்கு தந்திருக்கான். வாங்கின விலைய குடுத்தா அவுத்து விடுவான். யாராவது வாங்க. அவ்வளவுதான் நான் கேக்கது."

ஒவ்வொருவராகத் தங்கள் காரணத்தைச் சொன்னார்கள். ஒருவர் வீட்டில் இடமில்லை, ஒருவர் வீட்டில் வைக்கோல் இல்லை, ஒருவருடைய மருமகளுக்கு மாட்டு வாடை ஆகாது. பொன்னப்பன் எழுந்து சபையைக் காப்பாற்றினார்.

"இது ஒரு தனி மாட்டுக்க பிரச்சினை இல்ல. மொத்த மாட்டுக்க பிரச்சினையாக்கும். நம்ம மொத்தமா பாக்கணும்."

மொத்தமாகப் பார்த்து, அரசாங்கம் ஆவன செய்ய வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள். பொன்னாடைகள் பிரிக்காமல் இருந்ததால் துணிக்கடைக்காரன் திருப்பி எடுத்துக்கொண்டான். சுயம்புவுக்கும் ஒரு காரணம் இருந்தது. மூன்று சென்ட் பூமியில் வீடு போக, ஒரு ஆடு நிற்கக்கூட இடமில்லை. நல்ல காரணம்தான். எல்லோருடையதும் நல்ல காரணம்தான்.

ஆனால் அவருக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சரசம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்ததை அவர் பார்த்திருந்தார்.

ஞாயிறு காலை ஐந்தரைக்கே கடைக்குப் பின்னால் போய் நின்றார். யோசுவா கத்தியைத் தீட்டி வைத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பீடி புகைத்தான். சொன்ன வாக்கைக் காப்பாற்றிய ஒரே ஆள் அந்த வெட்டுக்காரன்தான். ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ரோட்டில் சரசம்மா வருவது தெரிந்தது. கையில் ஒயர் கூடை. கூடைக்குள் பழைய கயிறு இருக்கிறது என்று சுயம்புவுக்கு அந்த நிமிடமே உறுதியாகிவிட்டது.

அம்மிணி அவளைத் தூரத்திலேயே கண்டுகொண்டது. கழுத்தை நீட்டிக் கூப்பிட்டது. சரசம்மா ஓடிவந்து அதன் நெற்றியைத் தடவினாள், தாடையைச் சொறிந்துகொடுத்தாள், "எனக்க பொன்னே" என்று விம்மினாள். சுயம்புவின் கை தானாகத் தென்னையில் இருந்த முடிச்சுக்குப் போயிற்று.

"கயிறு கொண்டு வந்தியளா, அக்கா?"

"எந்தக் கயிறு?" சரசம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அஜேஷ் நேத்து வந்துட்டான், சுயம்பு. வந்ததும் வராததுமா மரச்சீனிக் கிழங்கும் இறைச்சியும் கேக்கான். ரெண்டு வருஷமா ஆசைப்பட்டுக் கிடந்த பிள்ளையில்லியா. ரெண்டு கிலோ வேணும்." பிறகு அம்மிணிக்குக் கேட்டுவிடக்கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்தினாள். "இதுல வேண்டாம், கேட்டியா. வேற மாட்டுல உள்ளது போதும்."

யோசுவா பீடியை எறிந்துவிட்டு சுயம்புவைப் பார்த்தான். கடைக்குள் கொக்கியில் வேறு மாடு தொங்கிக்கொண்டிருந்தது. அதையும் சுயம்புதான் வியாழக்கிழமை கொண்டுவந்திருந்தார்.

"அமரவிளையில உள்ளதாக்கும்," என்றார் சுயம்பு. "நீதுன்னு ஒரு சின்ன மோளு வளத்தது. பேரு மாளு."

"பேரெல்லாம் எனக்கு எதுக்கு?" என்று எரிச்சலோடு சொல்லிவிட்டு, சரசம்மா கூடையை யோசுவாவிடம் நீட்டினாள்.